மீனுக்கு வழியும் மண்ணுக்குக் காவலும்



தோட்டத்துச் சாலையை ஓடை குறுக்கிடும் இடத்தில் ஒரு சிறு பாலம் இருக்கும். பாலம் என்று சொல்வதுகூடச் சற்று அதிகம்தான். ஒரு சிமெண்டுக் குழாயை மண்ணில் புதைத்து, அதன்மேல் சாலையைப் போட்டிருப்பார்கள். எஞ்சினியர்கள் இதனைக் 'கல்வெர்ட்' என்பார்கள். நாம் மதகு என்போம். பெருமழை ஓய்ந்த மறுநாள் அந்த மதகின் கீழ்ப்பக்கம் இறங்கிப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். குழாயின் வாய் அந்தரத்தில் நிற்கும். அதிலிருந்து தண்ணீர் கீழே கொட்டும். கொட்டுகிற இடத்தில் இடுப்பளவுப் பள்ளம் பறிந்திருக்கும்.

பிள்ளைகள் அந்தப் பள்ளத்தில்தான் தூண்டில் போடுவார்கள். மீன்கள் அங்கே கூட்டமாக நிற்பது அவர்களுக்குத் தெரியும். அவை ஏன் அங்கே கூடுகின்றன என்று மட்டும் நாம் கேட்பதில்லை. மேலே ஏறிப் போக வந்த மீன்கள் அவை. குழாயின் வாய் உயரத்தில் நிற்பதால் போக வழியின்றிக் கீழே தங்கிவிட்டன. ஓடையின் அடிமண் போனது. அதனால் மீனின் வழி போனது. அதே மண் இன்னும் கொஞ்சம் போகுமானால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் சாலையும் போய்விடும்.

ஓடையின் அடிமண்ணைக் காப்பதும் மீனுக்கு வழி விடுவதும் இரண்டு வேலைகள் போலத் தோன்றும். உண்மையில் அவை ஒரே வேலை. இதனைச் சிங்கப்பூர் நகரம் ஏறக்குறைய இருநூறு ஆண்டுக் காலத்தில், பல தவறுகளையும் பல துன்பங்களையும் கடந்து கற்றுக்கொண்டது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

தீபாவளிக்குச் சாமான் வாங்கச் சிராங்கூன் சாலைக்கு வருகிறவர்கள் தேக்காவில்தான் இறங்குகிறோம். 'தேக்கா' என்பது தமிழ்ச் சொல் போல ஒலித்தாலும், அது சீன மொழியின் ஹொக்கியன் வழக்கிலிருந்து வந்தது. 'மூங்கிலின் அடி' என்பது அதன் பொருள். இன்று ரோச்சோர் கால்வாய் ஓடுகிற பகுதியின் கரையில் ஒரு காலத்தில் மூங்கில் புதர்கள் அடர்ந்திருந்தன. மூங்கிலின் வேர் எப்படிப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஒரு குத்து மூங்கில் நின்றால் அந்த இடத்துக் கரை எளிதில் சரியாது. காவிரிக் கரையில் மூங்கிலும் நாணலும் செய்த வேலையை ரோச்சோர் கரையில் இந்த மூங்கில்கள் செய்துவந்தன.

அதே வட்டாரத்துக்கு மலாய் மொழியில் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைக் கொட்டில், என்று பெயர். தண்ணீரும் சேறும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரம் அங்கே வளர்ந்தது. பெலிலியோஸ் என்னும் மாட்டு வணிகரின் பெயர் இன்றும் ஒரு தெருவுக்கு இருக்கிறது. எருமையின் பெயரால் பஃபலோ சாலையும் இருக்கிறது. சற்றுத் தள்ளிச் செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயிலைச் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று பழைய தலைமுறையினர் சொன்னதற்கு அதுவே காரணம். மாடு, செங்கல், சுண்ணாம்பு ஆகிய மூன்றும் தண்ணீரை நம்பிய தொழில்கள். ஆக, நம்மவர்கள் அங்கே குடியேறியதற்கு அந்த ஆறும் ஒரு காரணம் எனலாம்.

ஆனால் சதுப்பு நிலத்தில் நகரம் கட்ட முடியாது. 1819-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வந்து இறங்கியபோது சிங்கப்பூரின் கரையோரம் பெரும்பாலும் சதுப்பாகவும் அலையாத்திக் காடாகவும் கிடந்தது. அதனை வடிக்கவும் மேடாக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தது. 1825-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சுமத்திராத் தீவின் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் கொண்டுவரப்பட்டார்கள். முதலில் வந்தவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். அவர்களைத் தொடர்ந்து வங்காளத்தினர் வந்தார்கள். 1873-ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் காலம் இந்தக் கைதிகள் சாலை போட்டார்கள், சதுப்பைத் தூர்த்தார்கள், கால்வாய் வெட்டினார்கள், செங்கல் அறுத்தார்கள். இன்று வெள்ளை வெளேரென்று நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்தது. தேவாலயத்தைப் பார்ப்பவர்கள் பலர். அதே கைகள் வெட்டிய கான்களை நினைப்பவர்கள் சிலர்.

தோட்டத்தில் 'கான் வெட்டு' என்று ஒரு வேலை உண்டு. மழைத் தண்ணீர் மலைச்சரிவில் கண்டபடி ஓடி மண்ணை அரிக்காமல் வழிகாட்டிவிடும் வேலை அது. நகரத்தில் நடந்ததும் ஒருவகைக் கான் வெட்டுத்தான். ஆனால் நோக்கம் வேறு. தோட்டத்தில் மண்ணைக் காப்பாற்றக் கான் வெட்டினோம். நகரத்தில் தண்ணீரைச் சீக்கிரம் கடலுக்கு விரட்டக் கான் வெட்டினோம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்தவற்றை அதிலிருந்துதான் புரிந்துகொள்ள முடியும்.

நகரத்தின் நடுவே 'டோபி காட்' என்று ஓர் இடம் இருக்கிறது. இன்று அது பெரிய ரயில் நிலையம். அங்கே ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள், ஓடையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள். அந்த ஓடைக்குச் சுங்கை பிராஸ் பாசா என்று பெயர். காலப்போக்கில் அந்த ஓடையை நேராக்கினார்கள், கட்டினார்கள், பிறகு மூடினார்கள். இப்போது அது ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் என்ற பெயரில் கடைத்தெருவின் அடியில் ஓடுகிறது. மேலே நடப்பவர்களுக்குத் தங்கள் காலுக்குக் கீழே ஓர் ஓடை இருப்பதே தெரியாது. ஓர் ஓடை முழுவதுமே மதகாகிவிட்ட கதை அது.

இதே காலத்தில் தீவின் உட்பகுதியில் வேறொன்று நடந்தது. கம்பீர் என்னும் பயிரும் மிளகும் பயிரிடக் காடு அழிந்தது. கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். அதற்கும் காடு போயிற்று. மண் களைத்ததும் தோட்டக்காரர்கள் அடுத்த இடத்துக்குப் போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் தீவின் பழைய காட்டில் மிகச் சிறு பங்கே மிஞ்சியது. அதன்பின் ரப்பர் வந்தது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் 1888-ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய ரிட்லி என்பவர்தான், மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தவர். நம் பாட்டன் பூட்டன்மார் கையில் உளி ஏறியதற்கு அவர் ஒரு காரணம். அந்நாளைய தோட்டங்களில் மரங்களுக்கிடையே ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்று களை எடுக்கச் சொன்னார்கள். தரை சுத்தமாக இருந்தது. மழை வந்தபோது மேல்மண்ணும் சுத்தமாகப் போயிற்று. பின்னர்தான் மூடுபயிர் போடும் வழக்கம் வந்தது. வெற்றுத் தரையில் விழும் மழை மண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடும் என்ற பாடத்தைத் தோட்டம் முதலில் கற்றது. நகரம் பிறகு கற்றது.

காடு போய், சதுப்பு போய், வீடும் சாலையும் பெருகியதும், மழைத் தண்ணீர் தங்க இடமில்லாமல் போயிற்று. 1969-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த வெள்ளத்தில் சிங்கப்பூரில் 5 பேர் மாண்டார்கள். 1978-ஆம் ஆண்டு டிசம்பர் 2, 3 தேதிகளில் பெய்த மழை அதைவிடக் கொடியது. 24 மணி நேரத்தில் 500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிற்று. 7 பேர் உயிரிழந்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். கோழியும் பன்றியும் வளர்த்துப் பிழைத்த குடும்பங்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தன. வெள்ளம் என்பது நமக்குப் புத்தகத்தில் படித்த செய்தியன்று. அரிசிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும் தாயின் நிலை எப்படிப்பட்டது என்று ஆற்றோரத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

ஆகவே, சிங்கப்பூர் அரசாங்கம் ஆறுகளைக் கான்கிரீட் கால்வாய்களாக்கியதைக் குறைகூறுவது எளிது, அது நியாயமாகாது. தேக்காவைத் தாண்டி ஓடும் ரோச்சோர் கால்வாய்க்குப் புக்கிட் தீமாப் பகுதியிலிருந்து தண்ணீர் வருகிறது. அந்தத் தண்ணீரின் ஒரு பகுதியை மேலேயே வெட்டி வேறு பக்கம் திருப்பும் முதல் கால்வாய் 1972-ஆம் ஆண்டில் முடிந்தது. இரண்டாவது 1990-ஆம் ஆண்டில் முடிந்தது. 1970-களில் தீவில் ஏறத்தாழ 3,200 ஹெக்டேர் நிலம் வெள்ளம் ஏறக்கூடியதாக இருந்தது. அது பின்னர் 40 ஹெக்டேருக்கும் கீழே குறைந்தது. எத்தனையோ குடும்பங்கள் மழைக்காலத்திலும் நிம்மதியாகத் தூங்கியதற்கு அந்தக் கான்கிரீட்டே காரணம். இதை நாம் மறக்கக் கூடாது.

ஆனால் எதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை என்ன என்பதை இப்போது பார்ப்போம்.

ஓடும் தண்ணீருக்கு ஒரு பலம் இருக்கிறது. இயற்கையான ஓடையில் அந்தப் பலம் வழியெங்கும் செலவாகிறது. கல்லில் மோதுகிறது, வேரில் சிக்குகிறது, வளைவில் திரும்புகிறது, மடுவில் ஓய்கிறது. அதனையே வழவழப்பான கான்கிரீட்டில் நேராக விட்டால், பலம் செலவாக வழியில்லை. ஓடையை விடக் குறுகிய குழாய்க்குள் புகுத்தினால் நிலைமை இன்னும் மோசம். அகலம் பாதியானால், அதே ஆழத்தில் அதே தண்ணீர் போக வேகம் இருமடங்காக வேண்டும். வேகம் இருமடங்கானால், தண்ணீர் மண்ணைப் பிடித்து இழுக்கும் பலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். குழாய்க்குள்ளே அரிப்பதற்கு மண் இல்லை. ஆகவே, குழாயைவிட்டு வெளியே வந்ததும், முதலில் கண்ட மண்ணின்மேல் அந்தக் கோபம் முழுவதும் இறங்குகிறது. மதகின் கீழ்ப்பக்கத்தில் நாம் பார்த்த பள்ளம் இப்படித்தான் உண்டாகிறது. பள்ளம் ஆழமாக ஆழமாக, குழாயின் அடியில் இருக்கும் மண்ணும் சரிந்து வெளியேறும். ஒருநாள் குழாய் முறியும். மேலே சாலை உட்காரும்.

இனி, மீனின் பக்கம் வருவோம். நாம் அறிந்த ஓடை மீன்கள் பலவும் மழைக்காலத்தில் மேல்நோக்கி ஏறுபவை. வெள்ளம் பரவிய இடத்தில் முட்டையிடவும், இரை தேடவும், வறட்சியில் வற்றாத மடுவைத் தேடவும் அவை போகின்றன. ஆற்று இறால்களில் சில வகைகள் உப்புக் கலந்த நீரில் குஞ்சாக வளர்ந்து, பிறகு நல்ல தண்ணீருக்கு ஏறி வருகின்றன. மீனாலும் இறாலாலும் ஓயாமல் எதிர்நீச்சல் போட முடியாது. ஒரு பாய்ச்சல் பாயும், ஒரு கல்லின் மறைவில் நின்று மூச்சு வாங்கும், மறுபடி பாயும். கான்கிரீட்டில் மறைவு ஏது? மழை பெய்தால் நிற்க முடியாத வேகம். மழை நின்றால் முதுகு நனையாத அளவுக்கு மெல்லிய, வெயிலில் சூடேறிய தண்ணீர். கடைசியில் குழாயின் வாய் ஒரு முழ உயரத்தில் இருந்தால், அது அவற்றுக்கு மலைபோல.

மலாய்க்காரர்கள் 'புயு' என்று சொல்லும் பனையேறிக் கெண்டை மட்டும் விதிவிலக்கு. 1791-ஆம் ஆண்டில் நம் தரங்கம்பாடியில் இருந்த டால்டோர்ஃப் என்னும் டென்மார்க்குப் படை அதிகாரி, இம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதி, ஐரோப்பாவை வியக்க வைத்தார். பனை ஏறுகிறதோ இல்லையோ, செவுள் மூடியை ஊன்றி ஈரத்தரையில் அது நகர்ந்து போவதை நாமே பார்த்திருக்கிறோம். ஆனால் எல்லா மீனும் பனையேறிக் கெண்டையாக முடியாது. வலியவை மட்டும் பிழைக்கும் ஓடை வளமான ஓடையாகாது.

இந்தக் கட்டத்தில் சிங்கப்பூரின் வரலாற்றில் மீன் ஒரு முக்கியமான இடத்தைப் பிடித்தது. 1977-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பேசிய அன்றைய பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று ஒரு குறியை வைத்தார். அக்காலத்தில் அந்த ஆறுகளின் நாற்றம் ஊரறிந்தது. ஆற்றின் தூய்மையை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் மீன் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் ஆற்றுப் பகுதியைவிட்டு அகற்றப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருவோர வியாபாரிகள் கூரையுள்ள உணவு நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பிழைப்பும் பழகிய இடமும் போனவர்களின் வருத்தமும் இந்தக் கணக்கில் உண்டு. 1987-ஆம் ஆண்டில் பணி முடிந்தது. தண்ணீர் தூய்மையாயிற்று; மீனும் வந்தது.

தண்ணீர் வந்துவிட்டது, மீனுக்கு வீடு வந்ததா? அந்தக் கேள்விக்கு மேலும் இருபது ஆண்டுகள் பதில் கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் கான்களும் கால்வாய்களும் ஆறுகளுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் நீர்வழி இருக்கிறது. அதில் பெரும்பகுதி கான்கிரீட்டுத் தரை. சுத்தமான தண்ணீர் அதன்மேல் ஓடிற்று. ஆனால் வெறும் சிமெண்டுத் தரையில் புழு இல்லை, பாசி ஒட்டிய கல் இல்லை, முட்டையிட மணல் இல்லை, ஒளிந்துகொள்ள வேர் இல்லை.

2006-ஆம் ஆண்டில் பொதுப் பயனீட்டுக் கழகம் நீர்நிலைகளை மக்களுக்குப் பக்கத்தில் கொண்டுவரும் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் பெரிய சோதனை காலாங் ஆற்றில் நடந்தது. கீழ்ப் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து காலாங் முகத்துவாரம் வரை சுமார் 10 கிலோமீட்டர் ஓடும் இது, சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. பீஷான் - அங் மோ கியோ பூங்காவின் ஓரத்தில் அந்த ஆறு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு, நேர்க்கோடு போட்டாற்போல், வேலிக்குள்ளே ஒரு கான்கிரீட்டுக் கால்வாயாகக் கிடந்தது. அந்தக் கால்வாயை உடைத்து, பூங்காவுக்குள்ளேயே வளைந்து வளைந்து ஓடும் சுமார் 3 கிலோமீட்டர் நீள ஆறாக மாற்றுவது என்று முடிவு செய்தார்கள்.

உடைப்பது எளிது. உடைத்தபின் மண் நிற்குமா? இதுதான் எல்லோருடைய பயமும். குளிர்நாட்டில் செடியையும் கல்லையும் கொண்டு கரை கட்டிய அனுபவம் ஜெர்மானியப் பொறியாளர்களுக்கு உண்டு. இங்கேயோ, அரை மணி நேரத்தில் ஆற்றை நிரப்பும் வெப்பமண்டல மழை. ஆகவே, 2009-ஆம் ஆண்டில் பூங்காவின் ஒரு பக்கக் கானில், சுமார் 60 மீட்டர் நீளத்தில் முன்னோட்டம் பார்த்தார்கள். மண்ணைப் பிடிக்கும் பத்து வகை முறைகளையும் உள்ளூர்ச் செடிகள் பலவற்றையும் அங்கே வைத்து, எது வெள்ளத்தைத் தாங்குகிறது என்று கவனித்தார்கள். தேறியவற்றை மட்டும் பெரிய ஆற்றுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த முறைகள் என்ன? பச்சைக் கிளைகளைக் கட்டாகக் கட்டிக் கரையோரம் புதைத்து முளைக்க விடுவது ஒன்று. கற்களை அடுக்கி, அவற்றின் இடுக்கில் வேர்விடும் போத்துகளைச் செருகுவது ஒன்று. தண்ணீரை மட்டும் கசிய விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும் வடிதுணியில் மண்ணைச் சுருட்டி, அதில் செடி நடுவது ஒன்று. நாணற்புல்லை உருளையாகக் கட்டி நீரோரம் பதிப்பது ஒன்று. கம்பிவலைக் கூடையில் கல் நிரப்பி வைப்பது மற்றொன்று. தொடக்கத்தில் கல்லும் துணியும் தாங்கும். நாளாக ஆக வேர் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். கான்கிரீட்டு நாளாக ஆகப் பலம் குறையும். வேர் நாளாக ஆகப் பலம் கூடும். நம் ஊர் ஏரிக்கரையில் நாணல் நட்டவர்களுக்கு இது புதுச் செய்தியன்று. தேக்காவின் பெயருக்குள் ஒளிந்திருக்கும் மூங்கில், நகரத்தின் மறுபுறத்தில் வேறு உருவில் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

வேரை மட்டும் நம்பி அவர்கள் நிற்கவில்லை. தண்ணீருக்கு இடமும் விட்டார்கள். முன்பு 17 முதல் 24 மீட்டர் அகலத்தில் அடைபட்டிருந்த ஆறு, பெருமழையில் ஏறக்குறைய 100 மீட்டர் அகலம் வரை புல்வெளியில் பரவலாம். அதனால் அது கொண்டுபோகும் நீரின் அளவு சுமார் 40 விழுக்காடு கூடிற்று. ஆறு அகலப் பரவினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் அரிப்பு குறையும். மழை வரும்போது மக்கள் கரையேற எச்சரிக்கை விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் வைத்தார்கள். 2012-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அந்நாள் பிரதமர் லீ சியன் லூங் பூங்காவைத் திறந்து வைத்தார்.

அதன்பின் தட்டான்களும் கொக்குகளும் பெருகின. சில ஆண்டுகளில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று அங்கே குடிவந்து, நாடெங்கும் புகழ் பெற்றது. நீர்நாய்க்கு மீன் வேண்டும். மீன் இல்லாத இடத்தில் அது நிற்காது. ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தத் திட்டம் மீனுக்காகவே தொடங்கப்பட்டதன்று. வெள்ளத்துக்காகவும் மக்களுக்காகவும் செய்யப்பட்டது. அங்கே உள்ள மீன்களிலும் பல வெளிநாட்டிலிருந்து வந்து பெருகியவை. பூங்காவுக்கு மேலும் கீழும் ஆறு பெரும்பாலும் கான்கிரீட்டில்தான் ஓடுகிறது. முழு வழி திறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தரை திரும்பினால் உயிர் திரும்பும் என்பது மட்டும் மெய்ப்பட்டுவிட்டது.

மதகுகளையே குறியாக வைத்து நடந்த போராட்டம் ஒன்றும் உலகில் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வாழும் பழங்குடி மக்கள், 1854, 1855-ஆம் ஆண்டுகளில் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை அரசாங்கத்திடம் விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிறகு சாலைகள் வந்தன. சாலைக்கடியில் குழாய்கள் வந்தன. நாம் பார்த்த அதே பள்ளங்கள் உண்டாகி, கடலிலிருந்து முட்டையிட ஏறும் சால்மன் மீன்கள் வழியில் நின்றன. மீன் பிடிக்கும் உரிமை காகிதத்தில் இருந்தது. பிடிக்க மீன் இல்லை. 2001-ஆம் ஆண்டில் அம்மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2013-ஆம் ஆண்டில், மீனை மறிக்கும் மதகுகளை மாநில அரசு மாற்றிக் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 2018-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அந்த ஆணை நிலைத்தது. ஒரு குழாயின் வாயில் உள்ள ஒரு முழப் பள்ளம் ஒரு மக்களின் உரிமையையே விழுங்கக்கூடும் என்பதை அவ்வழக்கு காட்டிற்று. எழுத்தில் உள்ள உரிமைக்கும் கைக்கு வரும் உரிமைக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அங்கே புதிதாகக் கட்டும் மதகுகளுக்கு வகுத்த விதிகள் எளியவை. நம் தோட்டத்து மதகுக்கும் அவை பொருந்தும்.

முதலாவது, மதகு ஓடையைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது. காசை மிச்சம் பிடிக்கச் சிறு குழாய் போட்டால், அந்த மிச்சத்தை வெள்ளம் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது, குழாயை ஓடையின் தரைமட்டத்துக்குக் கீழே தாழ்த்திப் புதைத்து, அதன் அடியில் ஓடைக் கல்லும் மணலும் நிற்கும்படி செய்ய வேண்டும். குழாய்க்குள்ளும் ஓடை ஓடையாகவே இருக்க வேண்டும் என்பது கருத்து. மூன்றாவது, போடுகிற கல் ஒரே அளவாக இருக்கக் கூடாது. பெருங்கல் வெள்ளத்தில் அசையாமல் நிற்கும். சிறுகல்லும் மணலும் அதன் இடுக்கை அடைக்கும். பெருங்கல் மட்டும் போட்டால், வறட்சியில் தண்ணீர் கல்லுக்குள்ளே மறைந்து போகும். மீன் மேலே கிடந்து துடிக்கும். நான்காவது, குழாயின் கீழ்வாயில் கல் பரப்பும்போது, அதன் அடியில் சரளையோ வடிதுணியோ விரிக்க வேண்டும். இல்லாவிட்டால், கல்லின் இடுக்கு வழியே நுண்மண் கசிந்து போய், கல் மெல்ல மெல்லப் புதைந்துவிடும். ஐந்தாவது, பள்ளம் ஏற்கனவே விழுந்திருந்தால், கீழே சிறு சிறு கற்படிகளாக அமைத்து, மீன் ஒவ்வொன்றாக ஏறும்படி தரையை உயர்த்த வேண்டும்.

அடிமண் நழுவாமல் கட்டும் கலை நமக்கு அந்நியமானதன்று. ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே தாங்கள் கற்றதாக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் பணியாற்றிய ஆர்தர் காட்டன் துரை ஒப்புக்கொண்டார். அந்த வித்தையை அறிந்த மக்களின் வழிவந்தவர்கள்தான் கடல் கடந்து வந்து, கூலிக்குக் கான் வெட்டினார்கள்.

இந்த வேலைகளுக்கு எஞ்சினியரும் பணமும் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் முதல் வேலையை நாமே செய்யலாம். மழைக்காலம் தொடங்குமுன், மதகின் மேல்வாயில் மட்டையும் குப்பையும் அடைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளில் வெள்ளம் புகுந்தபோது, ஸ்டாம்ஃபர்ட் கால்வாயில் குப்பை அடைத்ததும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. மதகின் கீழ்வாயில் ஒரு குச்சியை நட்டு, பள்ளம் எவ்வளவு ஆழமாகிறது என்று மழைக்கு மழை குறித்துவைக்கலாம். அந்தக் குறிப்போடு சங்கத்தின் மூலமாக நிர்வாகத்திடம் போனால், நம் பேச்சுக்குப் பலம் இருக்கும். கரையில் முளைக்கும் புல்லையும் நாணலையும் மண்வெட்டியால் வழித்தெடுக்காமல் விடலாம். பிள்ளைகளுக்கு இவற்றைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கலாம்.

நேயர்களே, வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் பழமொழி. அணை போடும்போது, தண்ணீருக்குக் கொஞ்சம் இடமும், மீனுக்குக் கொஞ்சம் வழியும் விட்டுப் போட வேண்டும் என்பதைச் சிங்கப்பூரின் அனுபவம் அதனுடன் சேர்த்துச் சொல்கிறது. அடுத்த முறை தேக்காவில் இறங்கும்போது, ரோச்சோர் கால்வாயின் ஓரத்தில் ஒரு நிமிடம் நிற்போம். அங்கே நின்ற மூங்கிலையும், அந்தச் சதுப்பில் இடுப்பளவு சேற்றில் நின்று கான் வெட்டிய நம் முன்னோரையும் நினைத்துக்கொள்வோம். ஊர் திரும்பியதும், நம் சாலையின் மதகடியில் இறங்கி, குழாயின் வாய் தரையில் இருக்கிறதா, அந்தரத்தில் நிற்கிறதா என்று பார்ப்போம்.